மடியில் கட்டிய இரும்பு

கொடிக்காலுக்குள் செருப்போடு போகக்கூடாது. குளிக்காமல் போகக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் வாசல் படலைத் தாண்டவே கூடாது. சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலை போட்டிருக்கிற யாரிடமாவது ஏன் என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். வெற்றிலைக்கொடிக்கு மனுஷர் மூச்சுப் பட்டாலே முகம் சுண்டிப்போகும் என்பார்கள். அந்தக் கொடிக்குத்தான் மழைக்காலம் பூராவும் மருந்தடிக்கிறார்கள். அதற்கு அது முகம் சுண்டியதாக யாரும் சொல்வதில்லை.

சோணையம்மாளுக்கு இந்தக் கவலை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்திரண்டு. மாதத்தில் எந்த நாளும் உள்ளே போகலாம் என்பதால் புருஷன் ஒச்சாண்டியின் கொடிக்காலில் முதல் கொடி கட்டுவதும், மூலையில் இருக்கிற கன்னிமார் கல்லுக்கு விளக்குப் போடுவதும் அவள் பொறுப்பு. இலை கிள்ள வருகிற பெண்களில் யார் எந்த நாளில் வரக்கூடாது என்று கேட்டு வைத்துக்கொள்வதும் அவள்தான். படலுக்கு முன்னால் நின்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்ப்பாள். பொய் சொல்கிறவளைக் கண்ணிலேயே பிடித்துவிடுவாள் என்று பேர்.

ஐப்பசி முதல் வாரம். மேகமலை மூன்று நாளாக முகம் காட்டவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குளிக்கப் போனவள் உள்பாவாடையில் கறையைப் பார்த்தாள். ஒரு ரூபாய் அகலம்தான் இருக்கும். முதலில் எங்கேயோ முள் கீறிவிட்டது என்று நினைத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ புள்ள சோணை, இன்னும் என்ன பண்ற அங்கன? லோடு வண்டி எட்டு மணிக்கு வந்துரும்" என்று வாசலில் இருந்து ஒச்சாண்டி குரல் கொடுத்தார்.

"எனக்கு இடுப்பு ஒரு மாதிரியா இருக்குங்க. இன்னைக்கு நீங்க போங்களேன்."

"நல்லா இருக்கே கதை. கிள்ள வர்றவளுகள்ல மூணு பேரு கல்யாணத்துக்குப் போயிட்டாளுக. நீயும் வரலேன்னா இலை கொடியிலேயே முத்திப் போயிரும். வா, வந்து மெதுவாக் கிள்ளு."

தூரம் நின்று போனவள் மறுபடி தூரமாகிவிட்டேன் என்று புருஷனிடம் எந்த வாயால் சொல்வது? மகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான் அன்றைக்கு. ஒச்சாண்டி முன்னால் போனதும், பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் இருந்து கொடிக்காலுக்கு வாய்க்கால் கரையோடு முக்கால் மைல். நடுவில் புளியமரத்தைத் தாண்ட வேண்டும். தூரமான பெண் ஒற்றையில் நடந்தால் இடுப்பில் இரும்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுக் கருப்பு ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் ஆத்தா காலத்து வழக்கம். கூரை எரவாணத்தில் செருகியிருந்த சின்னக் கத்தி கண்ணில் பட்டது. ஒச்சாண்டி கோரை அறுக்க வைத்திருக்கிற இரும்புக் கத்தி, விரல் நீளம்தான். எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

படலுக்கு முன்னால் கால் ஒரு நிமிஷம் நின்றது. பின்னால் ஜக்கம்மாள் தன் மருமகள் யுவராணியோடு வந்துகொண்டிருந்தாள். "என்ன மதினி, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்றாள்.

சோணையம்மாள் உள்ளே போனாள். மத்தியானம்வரை நாலாவது பாத்தியில் நின்று கிள்ளினாள். அகத்தி நிழலில் வெற்றிலை ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. தொட்ட இலையெல்லாம் தன்னைப் பார்ப்பது போல அவளுக்குப் பட்டது.

அடுத்த மூன்று நாளும் கறை பட்டது. பிறகு நின்றது. அப்பாடா என்றிருந்த நேரத்தில் ஒரு நாள் விட்டு மறுபடி வந்தது. எந்த நாளில் வரும் என்று கணக்கே இல்லாததால் கத்தியை அவள் எரவாணத்தில் திருப்பி வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒச்சாண்டி மருந்தடித்தார். மழைக்காலத்தில் கொடி வாடாமல் இருக்கத் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பது. துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கரைத்து, இரண்டையும் டிரம்மில் சேர்த்து ஊற்ற வேண்டும். மயில் கழுத்து நிறத்தில் கலவை வரும். அதில் ஓர் இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பார்ப்பார்கள். கத்தி வெறுங்கத்தியாக வந்தால் கலவை சரி. செம்பு நிறத்தில் படிந்து வந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அடித்தால் இலை கருகிவிடும். இதெல்லாம் ஆம்பளைகள் வேலை. பெண்கள் டிரம் பக்கமே வருவதில்லை.

மறுநாளைக்கு மறுநாள் காலையில் நாலாவது பாத்தி கருகியிருந்தது. மூன்றாவதும் ஐந்தாவதும் கூடத்தான். ஆனால் சோணையம்மாள் கண்ணுக்கு நாலாவதுதான் தெரிந்தது. கொழுந்தெல்லாம் நுனியில் கறுத்து, தீயில் காட்டினது போலச் சுருண்டு தொங்கியது.

பக்கத்துக் கொடிக்கால் வேல்பாண்டி வந்து நின்றான். இலை ஏற்ற வந்த வியாபாரி நின்றார். ஒச்சாண்டி ஓர் இலையைக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, கீழே போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எவளோ தீட்டோட நொழஞ்சிருக்கா" என்றார்.

"இருக்கும்ணே" என்றான் வேல்பாண்டி. வியாபாரியும் தலையை ஆட்டினார்.

சோணையம்மாளுக்கு மடியில் கத்தி கனத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் ஒச்சாண்டி பெண்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"யாருன்னு கேக்குறேன். உண்மையச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம் ஆன யுவராணி பயத்தில் தலையைக் குனிந்தாள். அவள் தூரம் முடிந்து தலைக்குக் குளித்தது முந்தின நாள்தான், ஒரு நாள் முன்பின்னாக எண்ணிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். அந்தக் குனிந்த தலை போதுமானதாக இருந்தது.

"நாளையிலேர்ந்து இந்தப் பிள்ள வர வேணாம்" என்றார் ஒச்சாண்டி.

ஜக்கம்மாள் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் வைதுகொண்டே போனாள். சோணையம்மாள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தன் ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த கேவலமான காரியம் அதுதான். இதை அவளே பின்னால் பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கே கன்னிமார் கல்லை நினைத்து மஞ்சத் துணியில் காசு முடிந்தாள். இனிக் கொடிக்காலுக்குள் கால் வைக்க மாட்டேன், செவ்வாயும் வெள்ளியும் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருக்கிறேன், கொடி தழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். ஒச்சாண்டியிடம் இடுப்புவலி என்றாள். விரதத்துப் பசிக்கு வெற்றிலையும் புகையிலையும் மென்றாள். பதிமூன்று வயதிலிருந்து போடுகிற புகையிலைதான், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பட்டை ஆனது. கறை படும் நாளெல்லாம் தலைக்குக் குளிக்க வேண்டுமே, பின்கட்டில் ஈர அகத்தி விறகை மூட்டி வெந்நீர் போட்டாள். கண் எரிய, நெஞ்சு கமற, அந்தப் புகைக்குள் குத்தவைத்து ஊதிக்கொண்டிருந்தாள். பரிகாரம் என்று அவள் செய்ததெல்லாம் நோய்க்குத் தீனி போடுகிற வேலை என்று அவளுக்கு யார் சொல்வது?

சொல்ல ஒரு ஆள் வராமல் இல்லை. கார்த்திகையில் சுகாதார நர்சு ரஃபியா தெருவில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். உத்தமபாளையத்துக்காரி, வெடுக்கென்று பேசுவாள், அவளிடம் மறுக்க முடியாது. சோணையம்மாளும் போனாள். திரைக்குப் பின்னால் படுக்க வைத்து ஏதோ புளிச்ச தண்ணியைத் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து ரஃபியா ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சோணையம்மாக்கா, மருந்து வச்ச எடத்துல வெள்ளையா மாறியிருக்கு. அப்படி மாறுனா தேனி பெரியாஸ்பத்திரியில ஒரு தடவ சதை எடுத்துப் பாக்கணும். பயப்பட வேணாம். இப்பப் பாத்தா சின்ன வேலை."

"எனக்கு ஒண்ணும் இல்ல நர்சம்மா. இடுப்புதான் கொஞ்சம்."

"ரத்தம் எதுவும் படுதா? நின்னு போன பெறகு?"

முற்றத்தில் ஒச்சாண்டி விசைத்தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நின்றது போல அவளுக்குத் தோன்றியது. ஜக்கம்மாள் வேறு கோலமாவு வாங்க வந்து வாசலில் நின்றாள்.

"அதெல்லாம் இல்லத்தா. அது நின்னு ஆறு வருசம் ஆச்சு."

ரஃபியா அவள் முகத்தையே பார்த்தாள். படலுக்கு முன்னால் நின்று சோணையம்மாள் மற்றவர்களைப் பார்ப்பாளே, அதே பார்வை. "கட்டாயம் போங்கக்கா" என்று சீட்டைக் கையில் கொடுத்தாள்.

சீட்டு அரிசி டின்னுக்கு அடியில் போனது. ரஃபியா அதன் பிறகு இரண்டு தடவை வந்தாள், நாலு தடவை போன் செய்தாள். பொங்கல் கழியட்டும் என்றாள் சோணையம்மாள். பிறகு கொடி இறக்கிக் கட்டுகிற வேலை முடியட்டும் என்றாள். கொடி மறுபடி துளிர்விட்டிருந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது, விட்டால் மறுபடி கருகும் என்று விரதத்தை இறுக்கிப் பிடித்தாள். மாசியில் வாடை வர ஆரம்பித்தது. தலைக்கு எத்தனை குளித்தாலும் போகாத வாடை. சித்திரைத் திருவிழாவில் யுவராணி அவளைக் கடந்து போனாள். வேறு கொடிக்காலில் எங்கேயும் அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உத்தமபாளையத்துக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போய் வருகிறாள் என்று கேள்வி. சோணையம்மாள் பேச நினைத்து நின்றாள். யுவராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனி மாதம், சாரல் காற்று அகத்தியைப் போட்டு உலுக்குகிற ஒரு காலையில் அவள் பின்கட்டில் விழுந்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்தபடி இருந்தது. ஒச்சாண்டி ஓடி வந்து தூக்கினார். சேலை, தரை, அவர் கை எல்லாம் ரத்தம்.

"என்னடி இது, எத்தனை நாளா இருக்கு?"

"எட்டு மாசமா" என்றாள்.

அவர் ரஃபியாவுக்குப் போன் போட்டார்.

தேனி பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கழித்து முடிவு சொல்ல இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. ரஃபியாவும் பக்கத்தில் நின்றாள்.

"கர்ப்பப்பை வாயில புற்று. பக்கத்துச் சதைக்கும் பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ற நிலைமையத் தாண்டிடுச்சு. மதுரைக்கு எழுதித் தர்றேன், கரண்ட் வைக்கணும், அதான் கதிர்வீச்சு, மருந்தும் ஏத்தணும். உடனே போகணும்."

"பொழைச்சுருவாளா?" என்று கேட்டார் ஒச்சாண்டி.

"பாதிக்குப் பாதின்னு வச்சுக்கங்க. தள்ளிப்போட்டா அதுவும் இல்ல. அந்த முதல் சீட்டோட வந்திருந்தா ஒரு நாள் வேலை, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

சோணையம்மாள் எட்டு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "டாக்டரம்மா, இது தீட்டு இல்லையா?"

"தூரம் நின்னு வருஷக்கணக்கா ஆன பிறகு வர்ற ரத்தம் தூரமே இல்லம்மா. ஒரு சொட்டுப் பட்டாலும் நோய்னு நினைச்சு ஓடி வரணும்."

"இது எப்படி வந்துச்சு எனக்கு? நான் யாருக்கு என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. ஒரு வைரஸ்ல ஆரம்பிக்குது. கல்யாணமான பெரும்பாலான பொண்ணுங்களுக்கு அது வரும், உடம்பே தொரத்தி விட்டுடும். சில பேருக்குப் போகாம தங்கிடும். தங்குன எடத்துல, பொகையிலை, அடுப்புப் புகை, சத்தில்லாத சாப்பாடு எல்லாம் சேர்ந்து உடம்புக்குள்ள ஒரு மாதிரி அரிப்ப உண்டாக்குது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. அந்த அரிப்ப அடக்கவும் உடம்புல சரக்கு இருக்கு. அரிப்பு கூடிப்போயி அடக்குற சரக்கு கொறைஞ்சா, நல்ல சதை கெட்டுப்போக ஆரம்பிக்கும். வருஷக்கணக்கா, சத்தமில்லாம நடக்கும்."

"அப்ப துத்தம் மிஞ்சிச் சுண்ணாம்பு பத்தாமப் போன மாதிரி" என்றாள் சோணையம்மாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. ரஃபியா சிரித்துவிட்டாள். "கொடிக்கால் மருந்து டாக்டர். ரெண்டும் சரியா இருக்கணும். சுண்ணாம்பு கொறஞ்சா துத்தமே இலையக் கருக்கிரும்."

"ஏறக்குறைய அதேதான்" என்றார் டாக்டர்.

ஒச்சாண்டி நாற்காலியில் இருந்து எழுந்து, பிறகு உட்கார்ந்து, பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

சோணையம்மாள் வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரஃபியா சீட்டு வாங்க உள்ளேயே நின்றுவிட்டாள். சாரல் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நான் தீட்டோட உள்ள போயித்தான் கொடி கருகுச்சுன்னு நெனச்சேன். அந்தப் பிள்ள மேல பழியப் போட்டு நீங்க வெரட்டுறப்ப வாயத் தொறக்கல. பெறகு எப்படித் தொறப்பேன்? அதுக்குத்தான் விரதம், குளியல் எல்லாம்."

அவர் துண்டை எடுத்தார். "கொடி தீட்டுல கருகல சோணை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கலவைய முக்கிப் பாக்க எரவாணத்துல கத்தியத் தேடுனேன், காணல. அடுப்படியில காய் நறுக்குற எவர்சில்வர் கத்தி கெடந்துச்சு, அத எடுத்துட்டுப் போனேன். முக்கி எடுத்தா பளபளன்னு வந்துச்சு. சரியா இருக்குன்னு அடிச்சுட்டேன். எவர்சில்வருல செம்பு படியாதுன்னு புத்திக்கு எட்டல. மறுநாளைக்கு மறுநா இலையத் திருப்பிப் பாத்தேனே, அப்பவே தெரிஞ்சு போச்சு. சுண்ணாம்பு பத்தல. அந்தக் கலவைய அடிச்ச மூணு பாத்தியும் வரிசையாக் கருகியிருக்கு."

"தெரிஞ்சும் தீட்டுன்னீகளா?"

"யாவாரி நின்னாக. வேல்பாண்டி நின்னான். முப்பது வருசமா கலவை போடுறவனுக்குச் சுண்ணாம்பு தெரியலையான்னு சிரிப்பாகன்னு, அந்த நேரத்துல வாயில வந்துருச்சு. வந்த பெறகு திருப்ப முடியல."

சோணையம்மாள் மடியை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அதை விடவில்லை. சின்னக் கத்தியை எடுத்துப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். எட்டு மாத வேர்வையிலும் ஈரத்திலும் அது துருவேறிச் செங்கல் நிறமாக இருந்தது.

"இதத்தான தேடுனீக."

அவர் தொட்டுப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது. அவர் அழுதார். சோணையம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. புருஷன்மேல், தன்மேல், படலுக்கு முன்னால் நின்று தான் பார்த்த அத்தனை முகங்கள்மேல். எட்டு மாதம். ஒரு நாள் வேலை.

"வேல்பாண்டிக்குப் போன் போடுங்க" என்றாள்.

"இப்ப என்னத்துக்கு?"

"யுவராணி மேல பழி இல்ல, தப்பு என்னோடதுன்னு நீங்களே சொல்லுங்க. ஊருல நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்க. சொன்னாத்தான் மதுரைக்கு வருவேன்."

"ஏ புள்ள, உசிரு வெளையாட்டு இல்ல."

"நானும் வெளையாடல."

போனில் பேசுவது அவருக்குச் சரியாகக் காதில் விழாது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வேல்பாண்டி எடுத்தான். ஒச்சாண்டி தண்ணீர் வந்ததா என்று கேட்டார். சாரல் எப்படி என்று கேட்டார். சோணையம்மாள் எழுந்து, வீட்டுக்குக் கிளம்புகிறவள் போல ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள்.

"வேல்பாண்டி" என்றார் ஒச்சாண்டி அவசரமாக. "போன ஐப்பசியில என் கொடி கருகுச்சுல்ல. அது தீட்டு இல்லப்பா. கலவையில சுண்ணாம்பு பத்தல. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் வேல்பாண்டி சிரித்தான்.

"அட இதுக்கா போன் போட்டீக? அது அன்னைக்கே தெரியும்ணே. பாத்த ஒடனே தெரியாதா, மருந்துக் கருகல். யாவாரியும் வண்டியில ஏறுறப்ப அதத்தான் சொன்னாரு. பெரிய மனுசன் நீங்க தீட்டுன்னு சொல்லிட்டீக, மூஞ்சிக்கு நேரா எப்படி மறுக்கிறதுன்னு நானும் ஆமான்னேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானண்ணே."

சோணையம்மாள் திரும்பி வந்து போனை வாங்கினாள்.

"நான் சோணை பேசுறேன் வேல்பாண்டி. எனக்குத் தெரியாது. எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியாது."

"மதினி, நீங்களா? எங்கன இருக்கீக?"

"நாளைக்கு யுவராணியக் கூப்புட்டு எங்க கொடிக்கால்ல முதக் கொடி கட்டச் சொல்லு. என்ன நாளு ஏது நாளுன்னு யாரும் அவகிட்டக் கேக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு."

போனை ஒச்சாண்டி கையில் கொடுத்தாள். ரஃபியா மதுரைக்கான சீட்டோடு வந்து, "ஆம்புலன்ஸ் நிக்குதுக்கா, நடந்துருவீங்களா" என்று கேட்டாள். நடந்துவிடுவேன் என்றாள். ஒச்சாண்டி பெஞ்சில் கிடந்த கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அத நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு சோணையம்மாள் சாரலுக்குள் இறங்கி நடந்தாள்.